பத்துக்கு ஏழு

மாமல்லபுரம்
14.7.1996

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெபா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நான் இங்கே சுகம். நீங்கள், அண்ணன், பியூலா மூவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உங்கள் இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது? அண்ணனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் இன்னும் அதே கிரேன்தானா?

மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டர், கடலோரக் குப்பத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் வரலாறு புவியியல் என் பொறுப்பு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறேன். நம் செங்கல்பட்டு வீடு மாதிரி இல்லை, ஜன்னலைத் திறந்தால் சோற்றில் மணல்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் வகுப்பில் காற்றும் மழையும் பற்றிய பாடத்தைத் தொடங்கினேன். தொடங்கினேன் என்றால், நோட்ஸ் சொன்னேன். ‘வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும்.’ நாற்பத்திரண்டு பேரும் தலையைக் குனிந்து எழுதினார்கள். கடைசி பெஞ்சில் வரலட்சுமி என்று ஒரு பெண், அவள் அப்பா பூபாலன் கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். அவள் மட்டும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“இன்னா டீச்சர், வாடக்காத்துக்கு இம்மாம் பெரிய பேரா?” என்றாள்.

வகுப்பே சிரித்தது. நான் அதட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதில், வேறு எந்தக் காற்றுக்கெல்லாம் பேர் தெரியும் என்று கேட்டுவிட்டேன். வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான் என்று விரல் விட்டுச் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஷபானா, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் மகள், “எங்க கடை பாய்லர் பொகை எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்தே நான் சொல்லுவேன்டி” என்று அவளோடு மல்லுக்கு நின்றாள். மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கா நான் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாகப் போய்விட்டது, அண்ணி. பாடத்தை முதலிலிருந்து நடத்தப் போகிறேன். இந்த முறை காற்றையும் மழையையும் அவர்களே அளக்கட்டும்.

பியூலாவுக்கு என் முத்தம்.

உங்கள்
ஜெபா


தூத்துக்குடி
2.8.1996

அன்புள்ள ஜெபாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ட்ரெயினிங் போன காலத்தில் நான் தட்டோடு பின்னால் ஓடிவந்த மாதிரி அங்கே யாரும் வரமாட்டார்கள்.

உன் அண்ணன் உன்னை நன்றாக விசாரித்ததாக எழுதச் சொன்னார். அவரையே இரண்டு வரி எழுதச் சொன்னேன். “நீ எழுதினா நா எழுதுனா மாதிரிதான” என்று குளிக்கப் போய்விட்டார். கிரேன் அதே கிரேன்தான். இத்தனை வருஷம் ஆகியும் இங்கே அவர் பேச்சு மாறவில்லை. அவர் “இன்னா” என்றால் கூட வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்களாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மழையை எப்படி அளப்பது? பியூலா கேட்கிறாள். தரையில் விழுந்து ஓடிவிடுகிறதை அளவு சொல்வதென்றால் எப்படி? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. வகுப்பில் என்ன சொன்னாயோ அதை அப்படியே எழுது, சுருக்காதே.

அன்புடன்
அண்ணி சாராள்


மாமல்லபுரம்
25.8.1996

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாகவே இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், அதாவது பெரும்பாலும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது ஒரு வானிலை நிலையம் இருக்கிறது. சிரிக்கக் கூடாது. செங்கல்பட்டு போய் இரண்டு வெப்பமானி வாங்கி வந்தேன். ஒன்றை அப்படியே தொங்கவிட்டோம். இன்னொன்றின் குமிழில் விளக்குத் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையை மைக்கூட்டுத் தண்ணீரில் விட்டோம். தண்ணீர் ஆவியாகும்போது குளிரும். அதனால் ஈரமான வெப்பமானி குறைவாகக் காட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருந்தால் ஆவியாக இடமில்லை, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டும். ஆக, வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் அதிகம்.

உடைந்த குடைக்கம்பியில் பேனா மூடியைக் கவிழ்த்துத் தகரத்தில் ஓர் அம்பு செய்தார்கள். காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே மூக்கை நீட்டும். ஜாடி வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி அதில் துடைப்பக்குச்சி ஒட்டியிருக்கிறோம். காற்றின் அழுத்தம் குறைந்தால் குச்சியின் நுனி இறங்கும்.

மழைமானிதான் எல்லாவற்றிலும் சுலபம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமான கண்ணாடி ஜாடி, அதே வாயகலத்தில் ஒரு புனல், ஓர் அடிக்கோல். மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வையுங்கள். தரையில் விழுந்த மழை ஓடாமல், ஊறாமல், அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுதான் மழையளவு. காலையில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். எங்களுக்குக் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் தாண்டும் நேரம். ஹார்ன் கேட்டதும் நான்கு பெண்கள் நான்கு பக்கம் ஓடுவார்கள்.

தலைமையாசிரியர் கோதண்டராமன் சார் வந்து பார்த்தார். “பப்ளிக் எக்ஸாம்ல துடைப்பக்குச்சிக்கு எத்தனை மார்க்கும்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார். தடுக்கவில்லை. அதுவே பெரிது.

அண்ணனுக்கு என் அன்பு.

உங்கள்
ஜெபா


தூத்துக்குடி
20.9.1996

அன்புள்ள ஜெபாவுக்கு,

இங்கே சுகம். பியூலாவுக்கு இரண்டு நாள் ஜலதோஷம், சரியாகிவிட்டது.

மாடியில் மழைமானி வைத்துவிட்டேன். ஊறுகாய் ஜாடி. உன் அண்ணன் ஏதோ கடையில் அளந்து பார்த்துப் புனல் வாங்கி வந்தார். ஆகஸ்டு 31 முதல் இன்று வரை எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். செப்டம்பர் 11 அன்று 3 மி.மீ. மற்ற நாளெல்லாம் வெயில். பக்கத்து வீட்டம்மா, “என்ன சாராக்கா, தெனமும் மாடில ஏறி என்னத்தப் பாக்கீய?” என்று கேட்டார். “மழை” என்றேன். அதிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

பியூலாவுக்குச் சில சந்தேகங்கள். ஒன்று, பகலில் கடலிலிருந்து காற்று வருகிறது, இரவில் கரையிலிருந்து போகிறது, ஏன்? இரண்டு, தென்மேற்குப் பருவக்காற்றில் கேரளத்தில் கொட்டுகிற மழை மலைக்கு இந்தப் பக்கம் ஏன் வருவதில்லை? மூன்று, சம வெப்பக் கோடு என்றால் என்ன? படம் போட்டு எழுது.

அன்புடன்
அண்ணி


மாமல்லபுரம்
10.10.1996

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெபாவின் வணக்கம். எல்லாரும் சுகம்தானே?

உங்கள் பட்டியலை வகுப்பில் காட்டினேன். நான் எதிர்பார்க்கவே இல்லை, ஒரே ஆரவாரம். இப்போது எங்கள் பதிவேட்டில் இரண்டு பத்தி. ஒன்று மாமல்லபுரம், இன்னொன்று தூத்துக்குடி. சுவரில் தமிழ்நாட்டுப் படம் வரைந்து உங்கள் வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள். தபால்காரர் வந்தால் ஷபானா, “தூத்துக்குடி ஸ்டேஷன் வந்துச்சா?” என்று கேட்கிறாள். உங்களை அவர்கள் ஒரு பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

உங்கள் முதல் கேள்வியை வகுப்பிலேயே கேட்டேன். வரலட்சுமி சொன்னாள்: “மத்தியானத்துல மணல்ல கால் வெக்க முடியாது, தண்ணியில வெச்சா ஜில்லுனு கீது. மணலு சீக்கிரம் சூடாவுது டீச்சர்.” அவ்வளவுதான் விஷயம். சூடான தரைக்கு மேலே உள்ள காற்று லேசாகி எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் காற்று வருகிறது. இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது. அதனால் எல்லாம் தலைகீழ். மற்ற இரண்டுக்கும் தனித்தாளில் படம் போட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? நான்காம் வகுப்பில் சம வெப்பக் கோடெல்லாம் வருகிறதா? இங்கே பத்தாம் வகுப்பிலேயே பாதிப் பேருக்கு அது புரியவில்லை. பியூலா இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

உங்கள்
ஜெபா


மாமல்லபுரம்
17.11.1996

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பியூலாவைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை, அக்டோபர் மழையளவு மட்டும்தான் வந்தது. பரவாயில்லை. இன்றைக்கு நானே புலம்பத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் பிறந்ததிலிருந்து பள்ளி வாசலில் ஒரு பலகை வைத்திருந்தோம். காலையில் அளந்ததைப் பார்த்து, அன்றைக்கு மழை உண்டா இல்லையா என்று பிள்ளைகள் சாக்பீஸால் எழுதுவார்கள். முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு வாரம் தொடர்ந்து சரியாக அமைந்ததும் மீன்காரப் பெண்கள் நின்று படிக்கச்சொல்லிக் கேட்டுப் போக ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை குழந்தைகள் தினம். காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. ‘இன்று மழை இல்லை’ என்று எழுதினார்கள், அடியில் ஒரு பூவும் போட்டார்கள். அதை நம்பி மீன் விற்கிற ஞானம்பாளும் இன்னும் ஆறேழு பேரும் கருவாட்டுக்கு உப்புப்போட்ட மீனை மணலில் பரப்பிவிட்டார்கள். பதினொன்றரைக்குப் பிடித்தது மழை. 38 மி.மீ. ஒரு மணி நேரம்.

மேடையில் சின்னப் பிள்ளைகள் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஞானம்பாள் நனைந்த கூடையோடு நேரே உள்ளே வந்துவிட்டார். “எவடி அது மழ இல்லன்னு எழுதுனது? ஊறிப்போன மீன நீ துண்றியா?” வரலட்சுமி எழுந்து நின்றாள். நானும் நின்றேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அண்ணி. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கோதண்டராமன் சார் பலகையை எடுக்கச் சொல்லிவிட்டார். கருவிகளையும் அரையாண்டுத் தேர்வுக்குள் கழற்ற வேண்டும். பிள்ளைகள் மறுநாள் அளக்கப் போகவில்லை. பஸ் ஹார்ன் கேட்டது, யாரும் அசையவில்லை. நான்தான் தனியாகப் போய் அளந்தேன்.

அந்த வாரப் பட்டியலை ஷபானா ஏற்கெனவே உங்களுக்காக நகல் எடுத்திருந்தாள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி எதற்கு என்று தெரியவில்லை.

ஜெபா


தூத்துக்குடி
22.11.1996

அன்புள்ள ஜெபாவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உலையை இறக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன். நாங்கள் சுகம், மற்றதெல்லாம் பிறகு.

ஷபானா எழுதிய பட்டியலைப் பார். எட்டாம் தேதி முதல் பதின்மூன்றாம் தேதி வரை காற்றுப் பத்தியில் வாடை, வாடை, வாடை. பதினான்காம் தேதி மட்டும் கொண்டல். இரண்டு வெப்பமானிக்கும் அந்த வாரமெல்லாம் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தது. அன்றைக்கு அரை டிகிரி. துடைப்பக்குச்சியும் இரண்டு கோடு இறங்கியிருக்கிறது. ஈரம் மட்டும் மழையைச் சொல்லிவிடாதுதான். ஆனால் மூன்றும் ஒரே நாளில் மாறியிருக்கிறதே. பிள்ளைகள் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். எழுதும்போது அளந்ததைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துவிட்டார்கள்.

இதை அவர்களிடம் சொல். திட்டாதே. அழுத்தமாகவும் சொல்லாதே. பட்டியலைக் கையில் கொடுத்து அவர்களையே கண்டுபிடிக்க வை.

இன்னொன்று. பாதியில் விட்டுவிடாதே, ஜெபா. பாதியில் விட்டதை மறுபடி எடுப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியாது.

அண்ணி


மாமல்லபுரம்
15.12.1996

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக இருக்கிறேன். புயல் செய்தி கேட்டு அண்ணன் துறைமுகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்ததாகக் கோதண்டராமன் சார் சொன்னார். ஓடு கொஞ்சம் பறந்தது. மழைமானியைக் காணோம். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. எழுத நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் சொன்னபடி பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் வரலட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டாள். “ஐயோ, கொண்டல். எங்கப்பா அன்னிக்கு வலையே எடுக்கல டீச்சர். ஏம்பான்னு நான் கேக்கவேல்ல.” மறுநாளே பட்டியலில் புதிதாக ஒரு பத்தி முளைத்தது: ‘பூபாலன் சொல்வது’. அதற்குப் பக்கத்தில் ‘ரேடியோ சொல்வது’, அதற்குப் பக்கத்தில் ‘நாம் சொல்வது’. பலகை இல்லை, பதிவேட்டில் மட்டும். பத்து நாள் கணக்கில் பூபாலன் எட்டு, ரேடியோ எட்டு, நாம் ஆறு. ஒருவர்கூடப் பத்து வாங்கவில்லை என்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல்.

அதற்குள் புயல் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் கடலிலேயே அலைந்தது. பள்ளி வராந்தாவில் பிள்ளைகள் கோலமாவால் வங்காள விரிகுடாவை வரைந்தார்கள். ஓர் அடிக்கு நூறு கிலோமீட்டர். ரேடியோவில் சென்னையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று சொல்வார்கள். கயிற்றால் அளந்து, ஒரு கொட்டாங்கச்சியை அந்த இடத்தில் கவிழ்த்து வைப்போம். கொட்டாங்கச்சி நகர்ந்தது, திரும்பியது, வந்த வழியே போனது. “இன்னா டீச்சர், வூட்ட மறந்துட்டா மாதிரி சுத்திகினு கீது” என்றாள் வரலட்சுமி.

கட்டுமரங்களையெல்லாம் மேலே இழுத்துப் போட்டுவிட்டு, வேலையில்லாமல் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகப் பார்க்க வந்தார்கள். பூபாலன் வெகுநேரம் நின்றார். “ரேடியோக்காரன் சொல்றது காதுல வுழும். கண்ணுல இப்பத்தான் தெரியுது” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “நீயா போட்ட இத?” என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். போகும்போது படத்தை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கிப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே போனார்கள்.

ஐந்தாம் தேதி விடுமுறை விட்டுவிட்டார்கள். நான் பதிவேட்டை எடுக்கப் போனேன். வராந்தாவில் கோதண்டராமன் சார் மட்டும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் டிரான்சிஸ்டரோடு குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் கயிறு. என்னைப் பார்த்ததும், “கொட்டாங்கச்சி தப்பான இடத்துல இருந்துச்சும்மா. அதான்” என்றார்.

மழை ஓய்ந்து பள்ளி திறந்த அன்று ஞானம்பாள் வந்தார். இடுப்பில் கூடை. “பலக எங்க? எடுத்துட்டா நாங்க மீன எப்டி காயப்போடுறது?” என்று சாரிடமே கேட்டார். சார் என்னைப் பார்த்தார், நான் பிள்ளைகளைப் பார்த்தேன். ஷபானா எழுந்து, “இனிமே உண்டு இல்லன்னு எழுத மாட்டோம். இதே மாதிரி காத்தும் ஈரமும் இருந்தா பத்து நாளைக்கு எத்தினி நாள் மழ வந்துச்சோ அத எழுதுவோம். ரிஸ்க் உங்க இஷ்டம்” என்றாள். ஞானம்பாள் யோசித்தார். “அது ஞாயம்” என்றார்.

பலகை திரும்ப வந்துவிட்டது. முதல் நாள் எழுதியது ‘மழை: பத்துக்கு ஏழு’. இப்போது குப்பம் முழுக்க இதே பேச்சு. நேற்று ஞானம்பாளிடம் கிறிஸ்மஸ் லீவில் மருமகன் வருகிறாரா என்று ஒருத்தர் கேட்டார். “பத்துக்கு ஏழு” என்று சொல்லிவிட்டுத் தராசைத் தூக்கினார்.

தப்பைக் கண்டுபிடித்தது தூத்துக்குடி ஸ்டேஷன்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நன்றி சொல்லச் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

உங்கள்
ஜெபா


(அஞ்சலட்டை)

தூத்துக்குடி
3.2.1997

ஜெபா,
ஜனவரி மழை: 6ஆம் தேதி 4 மி.மீ., 19ஆம் தேதி 1 மி.மீ. மற்ற நாள் இல்லை. எல்லாரும் சுகம்.
அண்ணி


மாமல்லபுரம்
9.3.1997

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்பதுதான் தெரியவில்லை. கிறிஸ்மஸுக்குப் பிறகு இரண்டு அஞ்சலட்டை வந்தன, இரண்டிலும் மழையளவு மட்டும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

இடுப்பு வலி அதிகமாகிவிட்டதா? அல்லது நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எனக்குச் சோறு போட்டுப் படிக்கவைத்தவர் நீங்கள். உங்களுக்குப் போய் வெப்பமானி, திரி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உங்களை என் வகுப்புப் பிள்ளை மாதிரி நடத்திவிட்டதாகத் தோன்றியிருந்தால் மன்னியுங்கள். எனக்கு அந்த எண்ணமே இல்லை. உங்கள் கேள்விகள் வந்தால் அந்த வாரம் எனக்கு வகுப்பு நன்றாகப் போகும், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு. தேர்வு முடிந்ததும் புறப்பட்டு வரட்டுமா? ஒரு வரி போடுங்கள்.

உங்கள்
ஜெபா


தூத்துக்குடி
5.6.1997

அன்புத் தங்கச்சி ஜெபாவுக்கு,

அண்ணன் ஏசுபாதம் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று பயப்படாதே. நான் லெட்டர் எழுதிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சுகம்தான். நீ ஏப்ரலில் வருகிறேன் என்றதற்கு வரவேண்டாம் என்று உன் அண்ணி தந்தி மாதிரி கார்டு போட்டாளே, அது உன்மேல் கோபம் இல்லை. அவள் பரீட்சை எழுதியிருந்தாள், ரிசல்ட் வராமல் உன் முகத்தைப் பார்க்கப் பயம்.

ஆமாம். பத்தாவது பரீட்சை. தனித்தேர்வு. உன் அண்ணி கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தினாள் என்றுதான் உனக்கு நாங்கள் சொல்லியிருக்கிறோம். அது பொய். வரலாறு புவியியலில் பெயிலாகி, அதோடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பாக்கி எல்லாவற்றிலும் பாஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஒரு பேப்பரை எழுதினாள். 29 மார்க். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். முக்கியமாக உன்னிடம்.

பியூலா கேட்கிறாள் பியூலா கேட்கிறாள் என்று அவள் எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருப்பேன். “ஏம்மே, பாவம் அந்தக் கொழந்த பேரு எதுக்கு?” என்பேன். “நீ சும்மா இரு” என்பாள். உன் லெட்டர்களை எல்லாம் ஒரு நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். அடுப்படியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். குழம்பு கொதிக்கிற நேரத்தில் படிப்பாள். ஜனவரியிலிருந்து உனக்கு எழுத உட்கார்ந்தால் படிக்கிற நேரம் போகிறது என்று எழுதவில்லை. மழையை மட்டும் விடவில்லை.

நேற்று ரிசல்ட். பேப்பரில் நம்பர் தேடியது நான். பதற்றத்தில் ஒரு வரி மாற்றிப் பார்த்து, இல்லை என்று நினைத்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிற பையன் வாங்கிப் பார்த்து, “அண்ணாச்சி, இங்கன கெடக்கு பாருங்க” என்று காட்டினான். கிரேன் கேபினில் ஏறி ஹார்னை அமுக்கினேன். சூப்பர்வைசர் ஓடிவந்து என்ன ஆக்சிடெண்ட் என்று கேட்டார். “எங்க வூட்ல எஸ்.எஸ்.எல்.சி. பாஸு சார்” என்றேன். ஒரு கிலோ மக்ரூன் வாங்கி அந்த பெர்த்தில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தேன். கப்பல்காரர்களுக்கும் கொடுத்தேன். எந்த நாட்டுக்காரர்களோ தெரியாது, கை குலுக்கினார்கள்.

மார்க் இன்று பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தோம். 64. இதில் ஒரு வேடிக்கை கேள். வருஷமெல்லாம் காற்று மழை என்று படித்தாளே, பேப்பரில் அதிலிருந்து வந்தது ஒரே ஒரு மார்க். கோடிட்ட இடத்தை நிரப்பணும். அதைப் பார்த்து ஹாலில் சிரித்துவிட்டாளாம். மேற்பார்வைக்கு இருந்த டீச்சர் வந்து என்னம்மா என்று கேட்டாராம். மற்ற 63 மார்க் உலகப் போரும் அசோகரும் கொடுத்தது. அதெல்லாம் எப்படிப் படித்தாய் என்று கேட்டேன். “மழையப் படிச்ச மாதிரியே படிச்சேன்” என்றாள். எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. நீயே முதலில் வாழ்த்துச் சொல்லு.

உன் அண்ணன்
ஏசுபாதம்


தூத்துக்குடி
22.6.1997

அன்புள்ள ஜெபாவுக்கு,

அண்ணி எழுதுவது. எல்லாரும் சுகம். உன் தந்தியைத் தபால்காரர் வாசலில் நின்று சத்தமாகப் படித்துவிட்டார். தெருவுக்கே தெரிந்துவிட்டது. உன் அண்ணனிடம் சத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “பாஸானா சொல்லக்கூடாதுன்னு நீ சொல்லவேல்லியே” என்கிறார்.

உன்னிடம் மறைத்ததற்குக் கோபிக்காதே. நீ டீச்சர். உனக்குத் தெரிந்துவிட்டால் நீயும் என்னோடு சேர்ந்து கவலைப்படுவாய், கடிதமெல்லாம் பரீட்சைக் கடிதமாகிவிடும். எனக்கு உன் வகுப்புப் பெண்களோடு சும்மா கற்றுக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மார்ச்சில் நீ மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் படித்துவிட்டு அழுதேன். அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதியிருப்பேன். எழுதிவிட்டு மறுபடியும் தோற்றால் என்ன செய்வது என்று பயம்.

தெருவுக்குத் தெரிந்ததில் ஒன்று நடந்தது. மூன்று பெண்கள் தேடி வந்தார்கள். மூன்று பேருக்கும் வரலாறு புவியியலில்தான் போய்விட்டது. அக்டோபரில் எழுத வேண்டும். மூத்தவள் பேர் ஜெசிந்தா. “அக்கா, எப்படிப் பாஸானீங்களோ அப்படிச் சொல்லிக்குடுங்க” என்றாள். டியூஷனுக்கு வேறு ஆளைப் பாருங்கள், எனக்கு என்ன தெரியும் என்றேன். அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள், போகவே இல்லை.

நேற்று ஆரம்பித்தோம். மாடியில் பாய் விரித்தேன். பகலெல்லாம் என்ன பேசுவது என்று தயார் செய்து வைத்திருந்தேன். மூன்று பேரும் நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. நோட்டை மூடச் சொன்னேன். ஆளுக்கொரு கேள்வி கேளுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் நாலு பேருமாகக் கண்டுபிடிப்போம் என்றேன். முதல் கேள்வி, உப்பளத்தில் தண்ணீர் எங்கே போகிறது, உப்பு மட்டும் ஏன் மிஞ்சுகிறது என்று ஜெசிந்தா கேட்டாள். அவள் அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார். அதிலிருந்து எங்கெங்கோ போனோம். தண்டி யாத்திரை வரைக்கும் போய்விட்டோம்.

ஐந்து மணிக்குத் தொடங்கியது. ஆறரைக்கு உன் அண்ணன் படியேறி வந்து, பசிக்கிறது என்றார். கொஞ்ச நேரம் என்றேன். ஏழுக்கு மறுபடியும் வந்தார். பியூலாவையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது தடவை வந்தவர், பாயின் ஓரத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில், ராத்திரி கிரேன்மேல் இருந்தால் காற்று ஏன் கரையிலிருந்து கடலுக்குப் போகிறது என்று அவரும் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது.

உன் பிள்ளைகள் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். ஞானம்பாளையும்தான். இன்னும் எழுத ஆசை. ஆனால் இன்று நான்கரைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நான் ஒன்றும் தயார் செய்யவில்லை.

அன்புடன்
சாராள்